பேசுவதற்கு ஒரு விஷயம் வேண்டும்: 'புக்வர்ம்ஸ் கிளப்' வாசிப்பு வட்ட நூல்கள் பற்றிய மதிப்புரை

ஆங்கிலம் கற்கும் நம் மாணவர்களுக்குப் பேச்சு வராததற்குச் சொல்வளம் போதாமை, இலக்கணப் பயம், கூச்சம் என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. இவை எல்லாம் உண்மைதான் என்றாலும், தமிழ்வழியில் பள்ளிப்படிப்பை முடித்து வருகிற மாணவர்களுக்குக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பிப்பவள் என்ற முறையில், இவற்றுக்கெல்லாம் முந்திய காரணமாக நான் காண்பது வேறொன்று. பேச எழுந்து நிற்கிற அந்த நேரத்தில் சொல்வதற்கென்று சொந்தமாக அவர்களிடம் எதுவும் இருப்பதில்லை. 'கைப்பேசியின் நன்மை தீமைகள்' என்று ஒரு தலைப்பைக் கொடுத்து இரண்டு நிமிடம் பேசச் சொன்னால், கைடு புத்தகத்தில் படித்த நான்கு வாக்கியங்கள் வரும். அதோடு பேச்சு நின்றுவிடும். பேசும் பயிற்சியை எத்தனை மடங்கு கூட்டினாலும் இந்தக் குறை தீராது. மாணவர் தாமே ஒன்றைப் படித்து, அதைப் பற்றித் தமக்கென ஒரு கருத்தை அடைந்து, அந்தக் கருத்தைக் கேட்க எதிரில் நான்கு பேர் காத்திருக்கும் நிலையை உருவாக்கினால்தான் தீரும். அந்த நிலையை உருவாக்குவதற்காகவே திட்டமிட்டுச் செய்யப்பட்ட நூல் வரிசைகளில் நான் பயன்படுத்திப் பார்த்தவற்றுள் சிறந்தது, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் 'புக்வர்ம்ஸ் கிளப்' வரிசை. அதன் நிறைகளையும், நம் வகுப்பறைக்கு அது வந்து சேரும்போது தெரியவரும் குறைகளையும் ஆசிரியர்களுக்கும், வாசக சாலைகளில் தன்னார்வத்துடன் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவர்களுக்கும் எடுத்துச் சொல்வதே என் நோக்கம்.

ஆக்ஸ்ஃபோர்டின் 'புக்வர்ம்ஸ் லைப்ரரி' என்னும் படிநிலை வாசிப்பு நூல்களைப் பலரும் அறிந்திருப்பார்கள். தொடக்கநிலை நூல்கள் ஏறத்தாழ 250 அடிப்படைச் சொற்களுக்குள் எழுதப்பட்டவை. அதற்கு மேல் முதல் படியில் 400, இரண்டாம் படியில் 700, மூன்றாம் படியில் 1000, நான்காம் படியில் 1400, ஐந்தாம் படியில் 1800, ஆறாம் படியில் 2500 என்று சொற்கள் கூடிக்கொண்டே போகும். அந்த நூலகத்திலிருந்து கிளைத்ததுதான் 'கிளப்' வரிசை. தனியே அமர்ந்து படித்து முடிப்பதற்கு மாறாக, ஐந்தாறு பேர் ஒரே கதையைப் படித்துவிட்டு வந்து வட்டமாக அமர்ந்து பேசுவதற்கென்றே மார்க் ஃபர் என்பவரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு இந்த வரிசை தொகுக்கப்பட்டது. பிரான்ஸ் (Bronze, வெண்கலம்) என்ற நூல் முதல் இரண்டு படிகளுக்கும், சில்வர் இரண்டாம் மூன்றாம் படிகளுக்கும், கோல்டு மூன்றாம் நான்காம் படிகளுக்கும், பிளாட்டினம் நான்காம் ஐந்தாம் படிகளுக்கும் உரியவை. ஒவ்வொரு நூலிலும் ஏழு சிறுகதைகள் உள்ளன. கதைகளுக்குப் பயிற்சிகளும் உண்டு. பயிற்சிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மற்ற பாடநூல்களில் இருப்பவை போன்றவைதான். இந்த வரிசையின் உயிர், அது வகுத்துத் தரும் ஆறு பொறுப்புகளில் இருக்கிறது.

வட்டத்தில் உட்காரும் ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு முன்கூட்டியே ஒதுக்கப்படுகிறது. டிஸ்கஷன் லீடர் கேள்விகளைத் தயாரித்துக்கொண்டு வந்து பேச்சைத் தொடங்கி, யாரும் ஒதுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சம்மரைஸர் கதையின் போக்கைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். கனெக்டர் கதையில் வரும் மனிதர்களையும் நிகழ்ச்சிகளையும் தம்மைச் சுற்றியுள்ள உலகத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டும். வேர்டு மாஸ்டர் சில சொற்களைத் தேர்ந்தெடுத்து, கதைக்கு அவை ஏன் முக்கியம் என்று விளக்க வேண்டும். பாசேஜ் பெர்சன் மனத்தைத் தொட்ட அல்லது புரியாத பத்தியை எடுத்துப் படித்து, அதைத் தேர்ந்ததற்குக் காரணம் கூற வேண்டும். கல்ச்சர் கலெக்டர் கதை நடக்கும் சமூகத்துக்கும் தம் சமூகத்துக்கும் உள்ள ஒற்றுமை வேற்றுமைகளைத் தேடிக்கொண்டு வர வேண்டும். அடுத்த கதைக்குப் பொறுப்புகள் கைமாறும்.

பார்ப்பதற்கு மிகச் சாதாரணமான ஏற்பாடாகத் தெரியும் இது நம் மாணவர்களிடம் செய்கிற வேலையை நான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வருகிற மாணவர் ஆங்கிலப் பாடத்தில் இதுவரை கேள்விக்குப் பதில் சொல்லியிருப்பாரே தவிர, கேள்வியை உண்டாக்கியிருக்க மாட்டார். 'மேடம், இதுக்கு ஆன்சர் எது?' என்பதே அவர் கேட்டுப் பழகிய ஒரே கேள்வி. அப்படிப்பட்டவரிடம் டிஸ்கஷன் லீடர் என்ற பொறுப்பைக் கொடுத்து, வீட்டில் கதையைப் படித்துவிட்டு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல முடியாத ஐந்து கேள்விகளோடு வரச் சொல்லும்போது, அவர் கதையைப் படிக்கும் விதமே மாறிவிடுகிறது. எந்த இடத்தில் கருத்து வேறுபாடு வரும், எந்தப் பாத்திரத்தின் செயல் நியாயமற்றதாகத் தோன்றும், ஆசிரியர் எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார் என்று தேடிப் படிக்கத் தொடங்குகிறார். விமர்சனச் சிந்தனை என்று பாடத்திட்ட ஏடுகளில் பெரிய எழுத்தில் எழுதப்படுவது இதைத்தான். தனியாக ஒரு பாடமாக நடத்தி இதைக் கொடுத்துவிட முடியாது. படிப்பதற்கு ஒரு நோக்கத்தைக் கொடுத்தால் அது தானாக உள்ளே வருகிறது.

பொறுப்பு என்பதற்கு இன்னொரு பயனும் உண்டு. குழு விவாதம் என்றால் நன்றாகப் பேசுகிற இரண்டு பேர் பேசிக்கொண்டே இருக்க, மற்றவர்கள் தலையாட்டிக்கொண்டிருப்பதே வழக்கம். வளாக நேர்காணலுக்கு வருகிற நிறுவனங்கள் நடத்தும் குழு விவாதத்திலும் இதேதான் நடக்கிறது. வாசிப்பு வட்டத்தில் ஒருவர் மௌனமாக இருந்தால் வட்டத்தில் ஒரு பகுதியே விடுபட்டுப் போகும். வேர்டு மாஸ்டர் பேசாமல் அந்தச் சொற்கள் வெளியே வராது. ஆகவே கூச்ச சுபாவமுள்ள மாணவிக்கும் பேசுவதற்குரிய ஓர் இடம் உறுதியாகிறது. அதற்கு அவர் முந்திக்கொண்டு போராட வேண்டியதில்லை. முதல் சில அமர்வுகளில் எழுதி வைத்ததைப் பார்த்துப் படிப்பவர்கள்கூட, மற்றவர் ஒரு கேள்வி கேட்டுவிட்டால் தாளிலிருந்து தலையைத் தூக்கியே ஆக வேண்டும். அந்தத் தலைதூக்கலுக்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

சில்வர் நூலில் உள்ள முதல் கதையை வைத்து நடந்த ஓர் அமர்வை இங்கே குறிப்பிட்டால் நான் சொல்வது தெளிவாகும். ஓ. ஹென்றியின் புகழ்பெற்ற கதையின் எளிய வடிவம் அது. ஏழை இளம் தம்பதி. கிறிஸ்துமஸ் பரிசு வாங்க மனைவி டெல்லாவிடம் இருப்பது ஒரு டாலர் எண்பத்தேழு சென்ட் மட்டுமே. அவள் தன் நீண்ட கூந்தலை வெட்டி விற்று, கணவன் ஜிம்மின் பொன் சட்டைப்பைக் கடிகாரத்துக்குச் சங்கிலி வாங்குகிறாள். அவனோ அந்தக் கடிகாரத்தை விற்று அவள் கூந்தலுக்குச் சீப்புகள் வாங்கி வருகிறான். நம் மாணவர்களுக்குக் கதை உடனே பிடித்துவிட்டது. ஆனால் பிடித்திருக்கிறது என்பதோடு பேச்சு முடிந்துவிடும் கதையும் இதுதான். 'வெரி நைஸ் ஸ்டோரி மேடம்' என்று மூடிவைத்துவிடுவார்கள்.

அன்று கனெக்டராக இருந்த வணிகவியல் மாணவி, தன் கல்லூரிக் கட்டணத்துக்காக அம்மா கூட்டுறவு வங்கியில் நகையை அடகு வைத்ததைச் சொன்னார். 'மை மதர் ஆல்சோ டிட் லைக் திஸ்' என்று தொடங்கியவர், சற்று நிறுத்தி, 'பட் இட் வாஸ் நாட் சீக்ரெட்' என்றார். வீட்டில் எல்லோரிடமும் சொல்லித்தான் அம்மா அதைச் செய்தார், டெல்லாவும் ஜிம்மும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் செய்ததால்தான் இரண்டு பொருளும் வீணாயின என்பது அவர் வாதம். உடனே எதிரில் இருந்த மாணவர், 'தென் நோ கிஃப்ட் மேடம், ஒன்லி ஷாப்பிங்' என்றார். சொல்லிவிட்டு வாங்கினால் அது பரிசாகாது, கடைக்குப் போய்ப் பொருள் வாங்கி வருவதுதான் என்ற பொருளில் அவர் சொன்ன அந்த அரைகுறை வாக்கியத்தைச் சுற்றிப் பத்து நிமிடம் பேச்சு ஓடியது. பரிசின் மதிப்பு அதன் பயனில் இருக்கிறதா, கொடுப்பவர் இழந்ததில் இருக்கிறதா என்ற கேள்வியை யாரும் நூலிலிருந்து எடுத்துக் கேட்கவில்லை. அவர்களே வந்து சேர்ந்தார்கள். இலக்கணப் பிழைகள் நிறைய இருந்தன. அவற்றை நான் அப்போது திருத்தவில்லை, திருத்தவும் கூடாது. பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போது வினைச்சொல்லின் காலத்தைத் திருத்தினால், மாணவர் தம் கருத்தை விட்டுவிட்டு வினைச்சொல்லைக் காப்பாற்றப் போய்விடுவார். திருத்த வேண்டியவற்றைக் குறித்து வைத்து, அமர்வு முடிந்தபின் பெயர் சொல்லாமல் கரும்பலகையில் எழுதினால் போதும்.

கல்ச்சர் கலெக்டரின் முறை வந்தபோது பேச்சு இன்னும் ஆழமாகச் சென்றது. நம் பண்பாட்டில் முடியை விற்பதில்லை, வேண்டுதலுக்குக் காணிக்கையாகத்தான் கொடுக்கிறோம் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள், திருப்பதியில் காணிக்கை முடியை ஏலம் விடுகிறார்களே என்று ஒருவர் கேட்டுவிட்டார். வட்டம் கொஞ்சம் திகைத்தது. பிறகு ஒரு மாணவி, கொடுக்கிற பக்தருக்கு அந்தப் பணம் வருவதில்லை என்று வேறுபடுத்திக் காட்டினார். அப்படியானால் டெல்லாவுக்கும் வரவில்லை, அவள் அதை முழுவதும் ஜிம்முக்கே செலவு செய்துவிட்டாள் என்றார் முதலில் கேட்டவர். ஒரு பொதுக்கூற்று, அதற்கு ஒரு மறுப்பு, மறுப்பைத் தாங்கும்படி கூற்றைத் திருத்துதல், அந்தத் திருத்தத்தையும் சோதித்தல் என்று தருக்கப் பாடத்தில் வரும் படிகள் எல்லாம் உடைந்த ஆங்கிலத்தில் அந்தச் சில நிமிடங்களுக்குள் நடந்துவிட்டன. வெளிநாட்டுக் கதை என்பதே இங்கே ஒரு வசதியாக அமைந்தது என்று நினைக்கிறேன். தூரத்து மனிதர்களின் செயலைப் பற்றிப் பேசத் தொடங்கி நம்முடையதைத் திரும்பிப் பார்க்கும்போது, நேரடியாகக் கேட்டால் வராத வெளிப்படைத்தன்மை வருகிறது.

அதே நூலில் எச். இ. பேட்ஸின் ஒரு கதை இருக்கிறது. இளைஞன் ஒருவனோடு வெளியே சென்ற மகள் இரவு வெகுநேரமாகியும் திரும்பாததால் விழித்துக் காத்திருக்கும் தந்தையின் கதை. நிகழ்ச்சி என்று பார்த்தால் அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவிகளும், தங்கையின் அண்ணன்மார்களாக வளர்ந்த மாணவர்களும் ஒரே வட்டத்தில் உட்கார்ந்து அதைப் பேசும்போது, கதையில் உள்ள தந்தையின் கவலை அன்பா கட்டுப்பாடா என்ற கேள்வியில் எல்லோருக்கும் சொந்தக் கருத்து இருக்கிறது. கருத்து இருக்கிற இடத்தில் சொல்லைத் தேடிப் பிடித்துக்கொள்கிறார்கள். தொகுப்பாசிரியர் கதைகளைத் தேர்ந்ததில் காட்டியிருக்கும் நுட்பம் இத்தகைய இடங்களில் தெரிகிறது.

எட்கர் ஆலன் போ 1843-இல் எழுதிய, 'நான் பைத்தியக்காரன் இல்லை' என்று திரும்பத் திரும்ப வாதிடும் கொலையாளியே சொல்கிற கதையும் இதில் உண்டு. கதை சொல்பவரை நம்பலாமா என்ற ஒரே கேள்வி போதும். ஒரு மணி நேரத்துக்குப் பேச்சு தாங்கும். செய்தித்தாளில் வருவதையும் வாட்ஸ்ஆப்பில் சுற்றுவதையும் அப்படியே நம்பிப் பழகிய இளைஞர்களுக்கு, ஒருவர் எவ்வளவு உறுதியோடு சொல்கிறார் என்பதும் அவர் சொல்வது எவ்வளவு உண்மை என்பதும் வேறுவேறு என்று காட்டுவதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

நூலைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு விஷயத்தை வலியுறுத்த வேண்டும். கல்லூரி மாணவர்கள் என்பதால் உயர்ந்த படியில் தொடங்கிவிடக் கூடாது. துணையில்லாமல் ஒரு கதையைப் படித்துப் புரிந்துகொள்ள, அதிலுள்ள சொற்களில் ஏறத்தாழ 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்று ஹூ, பால் நேஷன் ஆகிய இருவரும் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு காட்டியது. நூறு சொல்லுக்கு இரண்டு சொல்லுக்கு மேல் தெரியாமல் இருந்தால் மாணவர் அகராதியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாரே ஒழிய, கதையைப் பற்றிச் சிந்திக்க அவரிடம் மிச்சம் ஒன்றும் இருக்காது. நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து, நூறு சொற்களைப் படிக்கவைத்து, தெரியாதவற்றுக்கு அடிக்கோடு போடச் சொன்னால் எந்த நூல் பொருந்தும் என்று தெரிந்துவிடும். பி.காம். இரண்டாம் ஆண்டு மாணவருக்கு பிரான்ஸ் நூல் பொருந்தினால் அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. பாடத்திட்டத்தில் அவருக்கு ஷேக்ஸ்பியரின் பகுதி வைக்கப்பட்டிருக்கலாம். அதை அவர் கைடு புத்தகத்தின் வழியாகத்தான் படிக்கிறார் என்பது கற்பிக்கும் எல்லோருக்கும் தெரியும். எளிய கதைகள் ஏராளமாகக் கைக்குக் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு எல்லி, மங்குபாய் ஆகிய இருவரும் ஃபிஜித் தீவின் கிராமப்புறப் பள்ளிகளில் நடத்தி 1983-இல் வெளியிட்ட ஆய்வே சான்று. கதைப் புத்தகங்கள் பெற்ற பிள்ளைகளின் படித்துப் புரியும் திறனும் கேட்டுப் புரியும் திறனும் வழக்கத்தைவிட இருமடங்கு வேகத்தில் வளர்ந்தன.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். முதல் குறை, ஒவ்வொரு பொறுப்புக்கும் எழுதி நிரப்புவதற்கென்று தரப்படும் பொறுப்புத் தாள்கள் மிக எளிதில் படிவம் நிரப்பும் வேலையாக மாறிவிடக்கூடியவை. நம் மாணவர்கள் எதையும் எழுதி ஒப்படைத்து மதிப்பெண் பெறும் பழக்கத்தில் வளர்ந்தவர்கள். தாளைக் கொடுத்தவுடன் கோடுகளை நிரப்பிவிட்டு, அமர்வில் அதை வரிசையாக வாசித்துவிட்டு, 'ஓவர் மேடம்' என்று முடித்துக்கொள்ளும் ஆபத்து எப்போதும் இருக்கிறது. இது நம் ஊர் மாணவர்களுக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. அமெரிக்காவில் இலக்கிய வட்டங்கள் என்ற முறையை 1994-இல் நூலாக எழுதிப் பரப்பிய ஹார்வி டேனியல்ஸே, 2002-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில், பொறுப்புத் தாள்கள் பேச்சை இயந்திரத்தனமாக ஆக்கிவிடுகின்றன என்று எச்சரித்து, அவற்றைத் தொடக்கத்தில் மட்டும் பயன்படுத்திவிட்டு விலக்கிவிட வேண்டும் என்றார். இரண்டாம் மொழியாக ஆங்கிலம் கற்பவர்களுக்காக இந்த முறையைத் தகவமைத்த மார்க் ஃபர், கதையை ஆசிரியரே தேர்ந்தெடுக்கும்படி மாற்றினார். அது நமக்கு மிகவும் பொருத்தமான மாற்றம். ஆனால் தாளை எப்போது எடுத்துவிடுவது என்பதற்கு இன்னும் அழுத்தமான வழிகாட்டல் நூலிலேயே இருந்திருக்கலாம் என்பது என் கருத்து. இதற்கு நான் கடைப்பிடிக்கும் வழி எளியது. முதல் இரண்டு கதைகளுக்குத் தாளைப் பார்த்துப் பேசலாம். மூன்றாவதிலிருந்து தாளில் முழு வாக்கியம் எழுதக் கூடாது, குறிப்புச் சொற்கள் மட்டும். நூல் முடியும் தறுவாயில் தாள் பைக்குள் போய்விட வேண்டும், புத்தகம் மட்டும் கையில் இருக்கும்.

இரண்டாவது குறை இதைவிட முக்கியமானது. ஆறு பொறுப்புகளில் எதுவும், சொல்கிற கருத்துக்குக் கதையிலிருந்து ஆதாரம் காட்ட வேண்டும் என்பதைக் கட்டாயமாக்கவில்லை. பாசேஜ் பெர்சன் மட்டும் ஓரளவுக்கு அதைச் செய்கிறார். மற்றவர்கள் 'ஐ திங்க் ஷி இஸ் செல்ஃபிஷ்' என்று சொல்லிவிட்டு அமர்ந்துவிடலாம். கருத்துச் சொல்வதே சிந்தனை ஆகிவிடாது. எதை வைத்து அந்தக் கருத்துக்கு வந்தோம் என்று காட்டுவதில்தான் சிந்தனையும் இருக்கிறது, பேச்சு நீள்வதும் இருக்கிறது. எனவே எங்கள் வட்டத்தில் ஒரு விதியைச் சேர்த்திருக்கிறோம். யார் எந்தக் கருத்தைச் சொன்னாலும், வட்டத்தில் உள்ள எவரும் 'விச் பேஜ்?' என்று கேட்கலாம். கேட்டால் பக்கத்தைத் திறந்து வரியைப் படித்துக் காட்டியே ஆக வேண்டும். வரி இல்லையென்றால், இது என் ஊகம் என்று ஒப்புக்கொண்டு தொடர வேண்டும். இந்த ஒற்றைக் கேள்வியை மாணவர்கள் விரும்பிக் கேட்கிறார்கள். ஆசிரியர் கேட்டால் சோதனையாகத் தோன்றுவது, உடன் படிப்பவர் கேட்கும்போது விளையாட்டின் பகுதியாகிவிடுகிறது. 'ஐ அக்ரீ, பட்', 'தட் மே பி ட்ரூ, பட் ஆன் பேஜ் டென்' போன்ற, எதிர்க்கருத்தை மரியாதையோடு சொல்லும் தொடர்களை ஓர் அட்டையில் எழுதி நடுவில் வைத்துவிடுவதும் நல்லது. வீட்டில் பெரியவர்களை எதிர்த்துப் பேசக் கூடாது என்று வளர்க்கப்பட்ட பிள்ளைகளுக்கு, மறுத்துப் பேசுவதற்கான மொழியும் அனுமதியும் சேர்ந்தே தேவைப்படுகின்றன.

மூன்றாவது, கதைகளின் பின்னணி. நான் ஆழ்ந்து பயன்படுத்திய சில்வர் நூலின் கதைகள் ஆங்கிலேய, அமெரிக்க எழுத்தாளர்களுடையவை. கோனன் டாயிலின் ஷெர்லாக் ஹோம்ஸ் கதை ஒன்று அமெரிக்காவின் கூ கிளக்ஸ் கிளான் என்ற நிறவெறி அமைப்பின் மேல் நிற்கிறது. அந்த அமைப்பைப் பற்றி ஒன்றும் தெரியாத மாணவருக்கு ஐந்து ஆரஞ்சு விதைகள் ஏன் அச்சத்தைத் தர வேண்டும் என்பது பிடிபடாது. பத்து நிமிடமாவது முன்னுரை சொல்லாமல் இந்தக் கதையைக் கொடுக்க வேண்டாம். மேலும், எளிமைப்படுத்திய வடிவம் என்பதால் மூல ஆசிரியரின் நடை அழகு, சொல் விளையாட்டு ஆகியவற்றில் பெரும்பகுதி இங்கே கிடைக்காது. இலக்கிய நயத்துக்காக இந்த நூலை எடுக்கக் கூடாது. பேச்சுக்கும் சிந்தனைக்கும் உரிய கதைப்பொருளுக்காக எடுக்க வேண்டும்.

நம் மண்ணின் கதைகளும் வேண்டுமென்றால், பெங்களூருவைச் சேர்ந்த பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' இணையதளத்தை இதனோடு சேர்த்துக்கொள்ளலாம். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியாவதால் கதைகளைச் செலவில்லாமல் பதிவிறக்கி அச்செடுக்கலாம். நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. பல கதைகள் ஆங்கிலத்திலும் தமிழிலும் கிடைக்கின்றன. அவை குழந்தைகளுக்காக எழுதப்பட்டவை என்பதால் கல்லூரி மாணவர்கள் முதலில் தயங்குவார்கள். ஆனால் பள்ளிப் பிள்ளைகளோடு வட்டம் நடத்துபவர்களுக்கு, குறிப்பாக ஆறு, ஏழாம் வகுப்புகளுக்கு, 'புக்வர்ம்ஸ் கிளப்'பைவிட இதையே நான் பரிந்துரைப்பேன். நூலில் விளக்கப்பட்ட அதே பொறுப்புகளைப் படக்கதைக்கும் பொருத்தலாம். வேர்டு மாஸ்டருக்குப் பக்கத்தில், படங்களைப் பார்த்து எழுத்தில் சொல்லாததைக் கண்டுபிடிப்பவர் என்று ஒரு பொறுப்பைச் சேர்த்தால் சிறுவர்கள் அதற்குப் போட்டி போடுவார்கள்.

விலையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மாணவர் ஒவ்வொருவரும் சொந்தமாக ஒரு பிரதி வாங்கும் நிலை நம் கல்லூரிகளில் இல்லை. அப்படி எதிர்பார்க்கவும் கூடாது. ஒரு வட்டத்துக்கு ஆறு பிரதி என்ற கணக்கில் நூலகம் வாங்கி, வாரம் ஒரு வட்டம் என்று சுழற்சியில் விட்டால் ஒரே ஆறு பிரதிகள் ஒரு வகுப்பு முழுவதற்கும் பருவம் முழுக்கப் போதும். ஆசிரியருக்குத் தனியாக ஒரு கையேடும் உண்டு. பிரதி எடுத்துப் பயன்படுத்தத்தக்க தாள்கள் அதில் உள்ளதால், அதில் ஒன்றை மட்டும் வாங்கிக்கொள்வது சிக்கனம். நூல்கள் கடையில் எப்போதும் இருப்பில் இருப்பதில்லை, வரவழைத்துத்தான் வாங்க வேண்டியிருக்கும் என்பதால், பருவம் தொடங்குவதற்கு முன்பே சொல்லிவைப்பது அவசியம்.

அறுபது பேர் கொண்ட வகுப்பில் இதெல்லாம் நடக்குமா என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். கூடுதல் பிரதிகள் கிடைத்து, பத்து வட்டங்களும் ஒரே நேரத்தில் ஒரே அறையில் பேசினால் இரைச்சல் இருக்கும். பக்கத்து வகுப்பிலிருந்து முறையீடும் வரும். இயன்றால் மரத்தடிக்கும் நடைபாதைக்கும் பாதிப் பேரை அனுப்பலாம். ஆசிரியர் எல்லா வட்டத்திலும் உட்கார வேண்டியதில்லை; உட்காரவும் கூடாது. ஆசிரியர் வந்து அமர்ந்த மறுகணமே மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டு ஆசிரியரைப் பார்த்துப் பேசத் தொடங்குவார்கள். இரண்டு தப்படி தள்ளி நின்று காது கொடுப்பதே நம் வேலை. இடையிடையே தமிழ் கலக்கும். தயாரிப்பின்போது தமிழில் யோசிப்பதையும், தோழியிடம் தமிழில் விவாதித்துக்கொள்வதையும் நான் தடுப்பதில்லை. தமிழில் தெளிவாக யோசித்த மாணவரின் ஆங்கிலம் தட்டுத்தடுமாறினாலும் கருத்து முழுமையாக வந்து சேர்கிறது. வட்டத்துக்குள் மட்டும் ஆங்கிலம் என்பது போதுமான விதி.

மதிப்பெண் வைப்பதா வேண்டாமா என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. உச்சரிப்புக்கும் இலக்கணத்துக்கும் இங்கே மதிப்பெண் வைத்தால் வட்டம் ஒரே வாரத்தில் வாய்மொழித் தேர்வாகிவிடும். அகமதிப்பீட்டுக்கு ஏதாவது தந்தே ஆக வேண்டும் என்றால், தயாரித்து வந்தாரா, மற்றவரிடம் ஒரு தொடர்கேள்வி கேட்டாரா, பக்கத்தைக் காட்டினாரா என்ற மூன்றையும் மட்டும் பார்க்கலாம். கட்டணம் வாங்கிக்கொண்டு முப்பது நாளில் ஆங்கிலம் பேசவைப்பதாக விளம்பரம் செய்யும் பயிற்சி நிலையங்களுக்கு, பொருள் வாங்கக் கடைக்குப் போவது, வங்கியில் கணக்குத் தொடங்குவது போன்ற உரையாடல்களை ஒப்பிக்கவைப்பதே பாடமாக இருக்கிறது. அந்த உரையாடல்களில் மாணவர் சொல்ல வேண்டியது முன்பே எழுதப்பட்டிருக்கிறது. 'நான் முதல்வன்' போன்ற திட்டங்களின் கீழ் மொழித்திறன் பயிற்சி வழங்குபவர்களும், வேலைவாய்ப்புப் பிரிவுகளை நடத்தும் கல்லூரிகளும், தாங்கள் ஒதுக்கும் நேரத்தில் ஒரு பகுதியையாவது இத்தகைய வாசிப்பு வட்டங்களுக்குத் தர முன்வர வேண்டும் என்று உளமாரக் கேட்டுக்கொள்கிறேன். நேர்காணலில் எதிர்பாராத கேள்வி வரும்போது கைகொடுப்பது, தெரியாத விஷயத்தைப் பற்றி யோசித்துக்கொண்டே பேசிப் பழகிய பழக்கம்தான்.

வாங்க நினைப்பவர்களுக்கு என் பரிந்துரை இது. தமிழ்வழி மாணவர்கள் அதிகமுள்ள கல்லூரி வகுப்புக்கு சில்வர் நூலின் ஆறு பிரதிகளும் ஆசிரியர் கையேடு ஒன்றும் போதும். மேலே சொன்ன நூறு சொல் சோதனையில் பலர் தடுமாறினால் பிரான்ஸ் நூலுக்கு இறங்கிவிடுங்கள். பிளாட்டினம் நூலை ஆங்கில இலக்கிய மாணவர்களுக்கென்று ஒதுக்கிவைக்கலாம். கிறிஸ்துமஸ் பரிசுக் கதையில் தொடங்கி, போவின் கதையை மூன்றாவதாக வைத்து, ஷெர்லாக் ஹோம்ஸ் கதையைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதல் அமர்வில் டிஸ்கஷன் லீடராக வகுப்பிலேயே நன்றாக ஆங்கிலம் பேசுபவரைப் போட வேண்டாம். மற்றவர்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கும் குணமுள்ள ஒருவரைப் போடுங்கள்.